'கமிட்' என்ற ஒரு வரி: தரவுத்தளத்தின் உள்ளே என்ன நடக்கிறது?

(பல பாட ஆசிரியர்கள் கலந்துகொண்ட பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் கற்பிப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கணக்கு, இயற்பியல், வணிகவியல் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் பலர் வந்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் தரவுத்தளத்தின் உள்ளமைப்பை எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. 'இது கணினி ஆசிரியர்களுக்கு மட்டும்தானே, நமக்கு எதற்கு?' என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தப் பாடத்தில் ஒரு மாணவர் தேறுவதும் தடுமாறுவதும் பள்ளியில் அவருக்குப் படிந்த பழக்கத்தைப் பொறுத்தது என்று கல்லூரியில் இதை நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைக் கொடுப்பதில் உங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் மாணவர்கள் பைத்தான் நிரல் வழியாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் அட்டவணை உருவாக்குகிறார்கள். மாணவர் பெயர், மதிப்பெண் என்று சில வரிகளைச் சேர்க்கிறார்கள். பிறகு 'கமிட்' என்று ஒரு கட்டளை எழுதுகிறார்கள். செய்முறை ஏட்டில் அந்த வரி தவறாமல் இருக்கும். 'இது எதற்கு?' என்று கேட்டால், 'மாற்றங்களைச் சேமிப்பதற்கு' என்று பதில் வரும். தேர்வுக்கு அது போதும்.

ஆனால் ஒரு பிள்ளை எழுந்து இப்படிக் கேட்டால்? 'சார், வரியைச் சேர்க்கச் சொன்னபோதே அது சேமிக்கப்படவில்லையா? கமிட் கொடுக்கும்வரை அது எங்கே இருந்தது? கமிட் கொடுக்கும் அதே நொடியில் மின்சாரம் போனால் என்ன ஆகும்?' இந்த மூன்று கேள்விகளுக்கும் முழுமையாக விடை காண ஒரு பருவம் முழுவதும் தேவைப்படும். அந்தப் பருவப் பாடத்தின் பெயர்தான் 'தரவுத்தள அமைப்புகளின் உள்ளமைப்பு'.

கேட்பதும் கண்டுபிடிப்பதும்

1970-க்கு முன்னால் தரவுத்தளங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காக 1960-களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். அவற்றில் ஒன்று. அதில் தரவுகள் ஒரு குடும்ப மரம்போல அடுக்கப்பட்டிருந்தன. ஒரு விவரம் வேண்டுமென்றால், எந்தக் கிளையில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நிரல் எழுதுபவரே படிப்படியாகச் சொல்ல வேண்டும். அடுக்கும் முறை மாறினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டும்.

ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை எளிய அட்டவணைகளாக வையுங்கள். என்ன வேண்டும் என்பதை மட்டும் பயனர் சொல்லட்டும். எப்படித் தேடி எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அதன் சாரம். கணக்கு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. காட் இதற்கு எடுத்துக்கொண்ட கருவி, நாம் பள்ளிக் கணக்கில் கற்பிக்கும் கணங்களும் உறவுகளும்தான். 'உறவுநிலைத் தரவுத்தளம்' என்ற பெயரில் உள்ள 'உறவு' அந்தக் கணித உறவுதான்.

யோசனை அழகாக இருந்தது. ஆனால் 'எப்படித் தேடுவது' என்பதைக் கணினியே முடிவு செய்தால் அது வேகமாக நடக்குமா என்ற ஐயம் பலருக்கும் இருந்தது. கட்டிக் காட்டித்தான் அதைத் தீர்க்க முடியும். ஐ.பி.எம்.மில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டமும், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோரின் 'இங்கிரஸ்' திட்டமும் 1970-களில் அதைச் செய்துகாட்டின. நாம் பள்ளியில் கற்பிக்கும் எஸ்.கியூ.எல். மொழி சிஸ்டம் ஆர் திட்டத்தில் வளர்ந்தது. இங்கிரஸின் வழித்தோன்றல்தான் இன்று உலகெங்கும் இலவசமாகப் பயன்படும் போஸ்ட்கிரஸ். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து எழுதிய நிரலிலிருந்து அது வந்தது. கேட்பதைப் பயனருக்கும் கண்டுபிடிப்பதைக் கணினிக்கும் காட் பிரித்துக் கொடுத்தார். பள்ளிப் பாடம் கேட்பதைச் சொல்லித் தருகிறது. பல்கலைக்கழகப் பாடம் கண்டுபிடிப்பதைச் சொல்லித் தருகிறது.

பக்கமும் மரமும்

அந்தப் பாடத்தில் முதலில் வருவது 'பக்கம்'. தரவுத்தளம் வட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதில்லை. பக்கம் பக்கமாகப் படிக்கிறது. எஸ்கியூலைட்டில் ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட்டுகள்; போஸ்ட்கிரஸில் 8192 பைட்டுகள். ஏன் இப்படி?

ஓர் ஒப்பீட்டைப் பாருங்கள். கணினியின் நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். இதை 1 விநாடி என்று பெரிதாக்கிக்கொள்வோம். அதே அளவில், எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உங்கள் மேசைமேல் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் புரட்டுவதற்கும், வெளியூரில் உள்ள ஆவண அறைக்கு ஆள் அனுப்பி ஒரு கோப்பை வரவழைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆள் அனுப்புவதென்றால் ஒரு தாளுக்காகவா அனுப்புவீர்கள்? ஒரு கட்டாகவே கொண்டுவரச் சொல்வீர்கள். வந்த கட்டை உடனே திருப்பி அனுப்பாமல் மேசைமேல் வைத்துக்கொள்வீர்கள். மேசையில் இடம் போதாதபோது, நீண்ட நேரமாகத் தொடாத கட்டைத் திருப்பி அனுப்புவீர்கள். பல்கலைக்கழக மாணவர் எழுதும் முதல் நிரல் பெரும்பாலும் இதுதான்: மேசையை நிர்வகிக்கும் நிரல். எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அது முடிவு செய்யும்.

அடுத்தது தேடல். ஒரு கோடிக்கு மேற்பட்ட பெயர்களில் ஒரு பெயரைத் தேட வேண்டும். அகர வரிசையில் இருந்தால் நடுவில் பிரித்துப் பார்த்து, பாதியைத் தள்ளி, மறுபடி நடுவில் பிரிக்கலாம். 2-இன் அடுக்கு 24 என்பது 1,67,77,216. ஆகவே 24 முறை பிரித்தால் ஒன்றரைக் கோடிப் பெயர்களிலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆவண அறைக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தால் 24 பயணம் ஆகிவிடும்.

போயிங் நிறுவன ஆய்வகத்தில் இருந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் 1972-இல் வெளியிட்ட 'பி-மரம்' இதற்குத் தீர்வு சொன்னது. ஒவ்வொரு படியிலும் இரண்டாகப் பிரிக்காமல் பல நூறாகப் பிரியுங்கள் என்றார்கள். 4096 பைட் பக்கத்தில், ஒரு பதிவுக்கு 16 பைட் என்று வைத்தால், 256 வழிகாட்டிக் குறிப்புகளை எழுதலாம். 256-இன் அடுக்கு 3 என்பதும் அதே 1,67,77,216 தான். அதாவது 24 பயணம் 3 பயணமாகிவிடுகிறது. 256 என்பது 2-இன் அடுக்கு 8. 24-ஐ 8-ஆல் வகுத்தால் 3. பள்ளியில் நாம் நடத்தும் அடுக்குக்குறி விதிகள் போதும், இன்றைய தரவுத்தளங்கள் ஏன் வேகமாக இருக்கின்றன என்பதை விளக்க.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

மூன்றாவது பகுதி, இரண்டு அட்டவணைகளை இணைப்பது. 600 மாணவர் பெயர்ப் பட்டியல் ஒன்று. 600 மதிப்பெண் சீட்டுகள் தனியே கலைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் சீட்டுக் கட்டை முதலிலிருந்து புரட்டினால் 3,60,000 முறை பார்க்க நேரலாம். இப்படிச் செய்யும் ஆசிரியர் யாரும் இங்கே இல்லை. சீட்டுகளை முதலில் பதிவெண் வரிசையில் அடுக்கிவிடுவீர்கள். பட்டியலும் வரிசையில் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம். 1200 பார்வை போதும். அடுக்குவதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆகும். தேர்வுப் பணியில் நீங்கள் செய்யும் இந்த வேலைக்குப் பல்கலைக்கழகத்தில் 'வரிசைப்படுத்தி இணைத்தல்' என்று பெயர்.

நான்கே சீட்டு இருந்தால் அடுக்குவது வீண் வேலை. எந்தச் சூழலில் எந்த வழி சிக்கனம் என்று தரவுத்தளம் கணக்கிட வேண்டும். 10 அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க 36,28,800 வரிசைகள் உண்டு. இது 10 தொடர்பெருக்கம். எல்லாவற்றையும் செய்து பார்க்க முடியாது. சிஸ்டம் ஆர் குழுவில் இருந்த பட்ரீசியா செலிங்கர் தம் குழுவினருடன் 1979-இல் வெளியிட்ட கட்டுரை, செலவை மதிப்பிட்டு நல்ல வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று காட்டியது. இன்றைய தரவுத்தளங்கள் பல இன்னும் அந்தத் தடத்தில்தான் செல்கின்றன.

பூட்டும் குறிப்பேடும்

இப்போது கமிட்டுக்கு வருவோம். இரண்டு ஆபத்துகளை அது சமாளிக்க வேண்டும்.

முதல் ஆபத்து, ஒரே நேரத்தில் இருவர் எழுதுவது. சத்துணவு அரிசி இருப்பு 100 கிலோ என்று கணினியில் இருக்கிறது. ஒருவர் 50 கிலோ வரவு எழுதுகிறார். அதே கணத்தில் இன்னொருவர் 20 கிலோ செலவு எழுதுகிறார். இருவரும் 100 என்பதைப் படித்துவிட்டார்கள். ஒருவர் 150 என்று எழுதுகிறார்; அடுத்தவர் அதன்மேல் 80 என்று எழுதுகிறார். சரியான இருப்பு 130. யாரும் தவறு செய்யவில்லை; ஆனால் 50 கிலோ அரிசி கணக்கில் காணாமல் போய்விட்டது. இதைத் தடுக்கத்தான் பூட்டு. ஒருவர் மாற்றும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பூட்டினால் வேறொரு சிக்கல் வரும். ஒரு பிள்ளையிடம் அளவுகோல் இருக்கிறது, கவராயத்துக்குக் காத்திருக்கிறது. இன்னொரு பிள்ளையிடம் கவராயம் இருக்கிறது, அளவுகோலுக்குக் காத்திருக்கிறது. இருவரும் விடமாட்டார்கள். அந்த முடிச்சைக் கண்டுபிடித்து, ஒருவரை 'நீ விட்டுக்கொடு, முதலிலிருந்து தொடங்கு' என்று சொல்வதும் தரவுத்தளத்தின் வேலை. இந்தத் துறையில் ஆற்றிய பணிக்காக ஜிம் கிரே 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

இரண்டாவது ஆபத்து, பாதியில் நின்றுபோவது. ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாய் கழித்தாயிற்று. அடுத்த கணக்கில் கூட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. என்ன செய்வது? வணிகவியல் ஆசிரியர்களுக்கு விடை தெரியும். முதலில் குறிப்பேட்டில் எழுதுவோம். பிறகு பேரேட்டுக்கு மாற்றுவோம். தரவுத்தளமும் அப்படித்தான். எந்தப் பக்கத்தையும் வட்டில் மாற்றுவதற்கு முன்னால், 'இன்ன பக்கத்தில் இதை அதுவாக மாற்றுகிறேன்' என்ற குறிப்பு வட்டில் ஏறியிருக்க வேண்டும். கமிட் என்றால், 'இந்தப் பரிவர்த்தனை முடிந்தது' என்ற குறிப்பு வட்டில் உறுதியாகப் பதிந்துவிட்டது என்று பொருள். பேரேட்டில் எழுதுவது சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை. குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் குறிப்பேட்டைப் பார்த்து மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி மின்சாரம் போனால்? பலர் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்து, சிலர் முடித்தும் சிலர் முடிக்காமலும் இருந்தால்? இவை எல்லாவற்றுக்கும் ஒழுங்கான விடை சொன்ன முறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். ஐ.பி.எம். ஆய்வாளர் சி. மோகனும் அவருடைய சக ஆய்வாளர்கள் நால்வரும் 1992-இல் ஏறத்தாழ 70 பக்கக் கட்டுரையாக அதை வெளியிட்டார்கள். முதலில் குறிப்பேட்டைப் படித்து யார் முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று பிரிக்க வேண்டும். பிறகு நடந்தவை அனைத்தையும் நடந்த வரிசையிலேயே மறுபடி செய்ய வேண்டும். கடைசியாக, முடிக்காதவர்களின் மாற்றங்களைப் பின்னோக்கித் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெற்றதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதனால் நடுவில் மறுபடி மின்சாரம் போனாலும், செய்த வேலையைத் தொலைக்காமல் தொடரலாம். உலகின் பெரிய தரவுத்தளங்கள் பலவற்றில் இந்த முறை இன்றும் இயங்குகிறது.

மோகன் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் படித்தது வேதிப் பொறியியல். பிறகுதான் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பதினோராம் வகுப்பில் கணினிப் பிரிவு கிடைக்காததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று கலங்கும் பிள்ளைகளுக்கு இதை நீங்கள் சொல்லலாம்.

பல்கலைக்கழகத்தில் எப்படிப் படிக்கிறார்கள்?

நம் நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு தரவுத்தளப் பாடம் இருக்கும். அதன் முற்பகுதியில் அட்டவணை வடிவமைப்பும் எஸ்.கியூ.எல்.லும் வரும். நான் இதுவரை சொன்னவை பிற்பகுதியில் வரும். பருவம் முடியும் அவசரத்தில் வரும். ஆய்வகத்தில் வினவல்கள் எழுதுவார்கள். நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று ஒரு சிறு செயலி செய்வார்கள். அதனால் பலர் 'பி-மரம்' என்பதற்கு வரையறை எழுதுவார்கள். அதைக் கட்டியிருக்க மாட்டார்கள். 'கேட்' நுழைவுத் தேர்வின் பாடத்திட்டத்தில் பி-மரமும் பரிவர்த்தனையும் இருக்கின்றன. அங்கே வரையறை உதவாது; ஒரு மரத்தைக் கொடுத்து, இந்த எண்ணைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள்.

இன்னொரு முறை, கட்டிப் படிப்பது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'பஸ்டப்' என்ற அரைகுறைத் தரவுத்தளம் ஒன்றை மாணவர் கையில் கொடுக்கிறார்கள். முக்கியமான உறுப்புகள் அதில் காலியாக இருக்கும். மேசையை நிர்வகிக்கும் பகுதி, தேடல் அமைப்பு, வினவலை நிறைவேற்றும் பகுதி, ஒரே நேரத்தில் பலர் எழுதுவதைச் சமாளிக்கும் பகுதி என்று ஒவ்வொன்றாக மாணவர் எழுதிப் பொருத்த வேண்டும். எம்.ஐ.டி.யும் பெர்க்லியும் இப்படியே பாடம் நடத்துகின்றன. கார்னகி மெலன் வகுப்புகளின் காணொளிகள் யூடியூப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. பஸ்டப் நிரலும் திறந்தே கிடக்கிறது.

பாடநூல்களில் இரண்டு உலகெங்கும் பயன்படுகின்றன. சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் எழுதியது ஒன்று. இராமகிருஷ்ணன், கெர்க்கே எழுதியது மற்றொன்று. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சுதர்சனும் ரகு இராமகிருஷ்ணனும் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். படித்தவர்கள்.

கட்டிப் படிக்கும் பாடத்தில் எந்த மாணவர் தடுமாறுகிறார்? அறிவு குறைந்தவர் என்று சொல்ல மாட்டேன். நிரல் ஓடவில்லை என்றதும் விடையை யாராவது தருவார்கள் என்று காத்திருப்பவர் தடுமாறுகிறார். நூறு முறை சரியாக ஓடி, நூற்றியோராவது முறை தவறு காட்டும் நிரல் இந்தப் பாடத்தில் உண்டு. 'ஏன் தவறியது' என்று தாளில் படம் போட்டு, ஒவ்வொரு படியாக எழுதிப் பார்க்கும் பொறுமை இருந்தால் கண்டுபிடிக்கலாம். எல்லா வினாவுக்கும் விடைக் குறிப்பேடு உண்டு என்று பன்னிரண்டு ஆண்டு பழகியவருக்கு அந்தப் பொறுமை திடீரென்று வராது.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கில நூல்கள் முதல் பருவத்தில் கடினமாக இருக்கும். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாடத்தின் சொற்களைப் பாருங்கள்: பக்கம், மரம், பூட்டு, குறிப்பேடு. எதுவும் புரியாத சொல் இல்லை. கருத்தைத் தமிழில் ஒருமுறை தெளிவாகப் பிடித்துக்கொண்ட மாணவர், கையில் பென்சிலுடன் ஆங்கில நூலுக்குள் போனால் படங்களே அவருக்குப் பாதி வழி காட்டும்.

நாம் செய்யக்கூடியவை

கணினி ஆசிரியர்களுக்கு மூன்று சோதனைகள் சொல்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பைத்தானே போதும்.

முதலாவது, கமிட் வரியை வேண்டுமென்றே நீக்கி நிரலை ஓட்டுங்கள். மறுபடி திறந்து பார்த்தால் அட்டவணை இருக்கும். சேர்த்த வரிகள் இருக்காது. ஏன் என்று பிள்ளைகளே பேசட்டும். பிறகு, வரியைச் சேர்த்ததற்கும் கமிட்டுக்கும் நடுவில் நிரலை நிறுத்தி வைத்து, கோப்புறையைத் திறந்து காட்டுங்கள். தரவுத்தளக் கோப்புக்குப் பக்கத்தில் 'ஜர்னல்' என்று முடியும் ஒரு கோப்பு புதிதாக வந்திருக்கும். கமிட் கொடுத்ததும் அது மறைந்துவிடும். மாற்றப்போகும் பக்கத்தின் பழைய நிலையை எஸ்கியூலைட் எழுதி வைக்கும் குறிப்பேடு அது. நடுவில் மின்சாரம் போனால் அதைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டாவது, 1000 வரிகளைச் சேர்க்கும் நிரலை இரண்டு விதமாக எழுதச் சொல்லுங்கள். ஒன்றில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கமிட். மற்றதில் கடைசியில் ஒரே கமிட். நேரத்தை அளக்கட்டும். பழைய வன்தட்டு உள்ள கணினியில் வேறுபாடு நன்றாகத் தெரியும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டு, விநாடிக்கு 120 சுற்று சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லி விநாடி. ஒவ்வொரு கமிட்டும் ஒரு சுற்றாவது காத்திருந்தால் 1000 கமிட்டுக்கு எவ்வளவு நேரம்? இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம்.

மூன்றாவது, ஒரு வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின் குவெரி பிளான்' என்று சேர்த்து ஓட்டுங்கள். பெயரைத் தேடினால் 'ஸ்கேன்' என்று வரும்; முழு அட்டவணையையும் புரட்டுகிறேன் என்று பொருள். பெயருக்கு ஓர் 'இண்டெக்ஸ்' உருவாக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் 'சர்ச்' என்று மாறும். அதே கேள்விக்குக் கணினி வழியை மாற்றிக்கொண்டதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள்.

கணினி இல்லாமலும் செய்யலாம். தொடக்கப் பள்ளியில் அகராதியில் சொல் தேடும் விளையாட்டு வைத்து, எத்தனை முறை பிரித்தார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். நடுநிலைப் பள்ளியில் கரும்பலகையில் நான்கு பிள்ளைகளின் பெயரில் கணக்கு எழுதுங்கள். ஒரு பிள்ளை குறிப்பேட்டில் எழுத, இன்னொரு பிள்ளை பலகையில் மாற்றட்டும். நடுவில் 'மின்சாரம் போச்சு!' என்று சொல்லிப் பலகையில் ஓரிரு எண்களை அழித்துவிடுங்கள். குறிப்பேட்டை மட்டும் வைத்து அவர்கள் மீட்கட்டும். 'பலகையை முதலில் மாற்றிவிட்டுக் குறிப்பேட்டில் பிறகு எழுதினால் என்ன?' என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். செய்து பார்த்து, கணக்கு உதைப்பதைக் கண்டு, அவர்களே சொல்லட்டும். எழுபது பக்கக் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு அந்த வகுப்பு வந்துவிட்டது.

நாம் ஒவ்வொரு நாளும் மாணவர் வருகையையும் மதிப்பெண்ணையும் கணினியில் ஏற்றுகிறோம். ஒரு பிள்ளையின் உதவித்தொகையும் மாற்றுச் சான்றிதழும் அதை நம்பி இருக்கின்றன. அந்த நம்பிக்கை தானாக வந்ததில்லை; 'நடுவில் நின்றுபோனால் என்ன?' என்று விடாமல் கேட்ட சிலர் ஐம்பது ஆண்டுகளாக உழைத்துக் கட்டியது. அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அதைக் காக்கப்போகிறவர்களில் சிலர் இப்போது நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையைத் தூக்கி, 'இந்த வரி எதற்கு?' என்று கேட்கும்போது பாடம் முடிக்க நேரமில்லை என்று உட்காரவைத்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள்.